விசிட்டிங் கார்டு, போஸ்ட்கார்டு அச்சுக்கான கோப்பைத் தயாரிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

அச்சகத்திலிருந்து “திருத்தி அனுப்புங்கள்” என்று திரும்பி வரும் கோப்புகளில் பெரும்பாலானவை வடிவமைப்பில் குறையுள்ளவை அல்ல. அளவு தவறியிருக்கும், ஓரத்தில் பிளீட் (வெட்டுக்கோட்டுக்கு வெளியேயும் நீளும் கூடுதல் நிறப்பகுதி) இருக்காது, சின்ன எழுத்து நான்கு நிறங்களில் கலந்து நிற்கும், அல்லது ஃபாண்ட் உடன் வந்திருக்காது. இவை ஒவ்வொன்றும் தொடக்கத்தில் இரண்டு நிமிடத்தில் சரிசெய்யக்கூடியவை. வேலை முடிந்த பிறகு கண்டுபிடித்தால் பாதி வடிவமைப்பையே மீண்டும் செய்ய வைப்பவை. ஆகவே கீழே சொல்லியுள்ள படிகளை இதே வரிசையில் பின்பற்றும்படி கேட்டுக்கொள்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் தடுமாறுவதைப் பலமுறை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் திறமையை அல்ல, வரிசையைத்தான்.

1. நிரலைத் திறக்கும் முன் அச்சகத்திடம் கேளுங்கள்

முதல் வேலை கணினியில் இல்லை. எந்த அச்சகத்தில் அச்சிடப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்துவிட்டு, அவர்களிடம் சில விவரங்களை எழுத்து வடிவில் பெறுங்கள்: வெட்டிய பின் அட்டையின் அளவு என்ன, பிளீட் எத்தனை மில்லிமீட்டர் வேண்டும், எந்த வகைக் காகிதம், எத்தனை ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை, கிராமில்), அச்சு ஆஃப்செட்டா (தகடு வழி அச்சு) டிஜிட்டலா (தகடு இல்லாத அச்சு), மேலே லேமினேஷன் உண்டா, எந்த நிறப் புரொஃபைல் (அந்த அச்சில் நிறங்கள் எப்படி வரும் என்பதை நிரலுக்குச் சொல்லும் கோப்பு), கோப்பை எந்த வடிவில் ஏற்பார்கள்.

இவற்றை முதலிலேயே கேட்பதற்குக் காரணம், பின்னால் வரும் ஒவ்வொரு முடிவும் இவற்றையே சார்ந்திருக்கிறது என்பதுதான். காகிதம் பூச்சுள்ளதா இல்லாததா என்று தெரியாமல் நிறத்தின் அடர்த்தியைத் தீர்மானிக்க முடியாது. லேமினேஷன் உண்டா என்று தெரியாமல் போஸ்ட்கார்டின் எழுதும் பக்கத்தைத் திட்டமிட முடியாது. அச்சகம் தன் அளவில் ஒரு டெம்ப்ளேட் கோப்பு தருமானால் அதையே பயன்படுத்துங்கள். ஆனால் அதிலுள்ள வழிகாட்டிக் கோடுகள் தனி லேயரில் இருக்கின்றனவா என்று பாருங்கள், ஏனெனில் அணைக்க மறந்த வழிகாட்டிக் கோடு அட்டையோடு சேர்ந்து அச்சாகி வந்ததை நான் கண்டிருக்கிறேன்.

2. கையில் இருக்க வேண்டியவற்றைச் சேருங்கள்

லோகோவின் வெக்டர் கோப்பு (பிக்சலாக அல்லாமல் கோடுகளாக வரையப்பட்டு, எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காதது), படங்களின் மூலக் கோப்புகள், இறுதி செய்யப்பட்ட வாசகம் ஆகிய மூன்றும் இல்லாமல் தொடங்க வேண்டாம். “வாசகத்தைப் பிறகு தருகிறேன்” என்று சொல்லப்படும் அட்டையில், பெயருக்கு ஒதுக்கிய இடத்தில் பெயர் அடங்காமல் போய், கடைசி நேரத்தில் எழுத்தைச் சுருக்க வேண்டி வரும்.

வாட்ஸ்அப்பில் படமாக வந்த லோகோவையும் புகைப்படத்தையும் ஏற்காதீர்கள். அது அனுப்பும்போதே படத்தைச் சுருக்கிவிடுகிறது. அதே கோப்பை ஆவணமாக அனுப்பச் சொன்னால் மூலத் தரம் அப்படியே வரும்.

3. அளவு, பிளீட், பாதுகாப்பு எல்லை

விசிட்டிங் கார்டுக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரே அளவு இல்லை. 85 × 55 மி.மீ. பரவலாக உள்ளது, 3.5 × 2 அங்குலம், அதாவது 88.9 × 50.8 மி.மீ. என்பதும் பரவலாக உள்ளது. போஸ்ட்கார்டில் ஏ6 எனப்படும் 105 × 148 மி.மீ. அளவும் 4 × 6 அங்குல அளவும் அதிகம். ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பதால் ஒன்றை மற்றொன்றாக மாற்றிவிடலாம் என்று தோன்றும். ஆனால் விகிதம் வேறுபடுவதால், இழுத்துப் பொருத்தினால் லோகோவிலுள்ள வட்டம் முட்டை வடிவமாகும்.

பக்க அளவாக வெட்டிய பின் வரும் அளவையே வைத்து, பிளீட்டைத் தனியாக அதற்குரிய பெட்டியில் 3 மி.மீ. என்று கொடுங்கள். 85 × 55 அட்டைக்குப் பிளீட்டோடு சேர்த்து மொத்தப் பரப்பு 91 × 61 மி.மீ. ஆகும்; ஏ6 போஸ்ட்கார்டுக்கு 111 × 154 மி.மீ. ஆகும். பிளீட்டுக்குத் தனிப் பெட்டி இல்லாத நிரலில் இந்தப் பெரிய அளவிலேயே பக்கத்தைத் திறந்து, உள்ளே 3 மி.மீ. தள்ளி வழிகாட்டிக் கோடு போட்டுக்கொள்ளலாம்.

பிளீட் ஏன் வேண்டும் என்பது வெட்டும் இயந்திரத்தின் அருகில் ஒருமுறை நின்றால் புரிந்துவிடும். பல அட்டைகள் ஒரே பெரிய தாளில் அச்சாகி, அத்தகைய தாள்கள் கட்டுக் கட்டாக அடுக்கப்பட்டு, ஒரே வெட்டில் அறுபடுகின்றன. அழுத்தத்தில் தாள்கள் சற்றே நகரும். கட்டின் மேலுள்ள தாளும் அடியிலுள்ள தாளும் மயிரிழை அளவாவது வேறுபடும். பின்னணி நிறம் வெட்டுக்கோட்டோடு நின்றுவிட்டால், அந்தச் சிறு நகர்வு ஓரத்தில் வெள்ளைக் கீற்றாகத் தெரியும். கோட்டைத் தாண்டி 3 மி.மீ. ஓடினால் கத்தி எங்கு விழுந்தாலும் நிறத்தின் மேல்தான் விழும்.

இங்கே ஒரு பிழையை அடிக்கடி காண்கிறேன். பிளீட் இல்லை என்று அச்சகம் திருப்பி அனுப்பியதும், முழு வடிவமைப்பையும் பிடித்து 85 × 55 இலிருந்து 91 × 61 ஆக இழுத்துவிடுகிறார்கள். அகலம் சுமார் 7 சதவீதமும் உயரம் சுமார் 11 சதவீதமும் கூடுவதால் எழுத்து நீண்டுவிடுகிறது. ஓரத்திலிருந்த வரி வெட்டுக்கோட்டை நெருங்கிவிடுகிறது. நீட்ட வேண்டியது பின்னணியை மட்டுமே. பின்னணி புகைப்படமாக இருந்து அதில் கூடுதல் பரப்பு இல்லையென்றால், அந்தப் படத்தை மட்டும் விகிதம் மாறாமல் சற்றுப் பெரிதாக்கி, எந்தப் பகுதி வெட்டுப்படும் என்று பார்த்து நகர்த்துங்கள்.

பிளீட் வெளிப்புறத்துக்கு என்றால், பாதுகாப்பு எல்லை உட்புறத்துக்கு. எழுத்தும் லோகோவும் வெட்டுக்கோட்டிலிருந்து குறைந்தது 3 மி.மீ. உள்ளே இருக்க வேண்டும். நான் விசிட்டிங் கார்டில் 5 மி.மீ. விடுகிறேன். இடம் குறைகிறதே என்று தயங்க வேண்டாம், அந்த வெற்றிடம் அட்டைக்கு ஒரு நிதானத்தைத் தருகிறது.

அட்டையைச் சுற்றி மெல்லிய கட்டம் போட விரும்புபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். ஓரத்திலிருந்து 2 மி.மீ. தள்ளிக் கட்டம் இருந்து, வெட்டு அரை மில்லிமீட்டர் நகர்ந்தால், ஒரு பக்கம் 1.5 மி.மீ., எதிர்ப்பக்கம் 2.5 மி.மீ. என்றாகிவிடும். அந்த வேறுபாடு எவர் கண்ணிலும் படும். கட்டம் இருந்தே தீர வேண்டுமென்றால் 5 மி.மீ. உள்ளே தள்ளி வையுங்கள். அதே நகர்வு அங்கே அவ்வளவாகத் தெரியாது.

4. படங்களின் தெளிவு

புகைப்படம் அச்சாகும் அளவில் அங்குலத்துக்கு 300 பிக்சல் இருக்க வேண்டும். “அச்சாகும் அளவில்” என்பதே இதில் முக்கியம். கோப்பின் விவரத்தில் 300 என்று எழுதியிருப்பதற்கு மட்டும் பொருள் எதுவும் இல்லை. அந்தப் படத்தைப் பக்கத்தில் இரண்டு மடங்கு பெரிதாக்கி வைத்தால் உண்மையில் கிடைப்பது 150 தான்.

பிக்சல் எண்ணிக்கையை நேரடியாகக் கணக்கிட்டுப் பாருங்கள். மில்லிமீட்டரை 25.4 ஆல் வகுத்து 300 ஆல் பெருக்கினால் போதும். 91 × 61 மி.மீ. பரப்பை முழுதும் நிரப்பும் படத்துக்கு ஏறத்தாழ 1075 × 721 பிக்சல் தேவை; பிளீட்டோடு கூடிய ஏ6 போஸ்ட்கார்டுக்கு 1311 × 1819 பிக்சல் தேவை. இணையத்திலிருந்து எடுத்த 600 பிக்சல் அகலப் படத்தை 1311 பிக்சலாக நிரலில் உயர்த்துவதால் எண் மட்டுமே உயரும், இல்லாத விவரம் படத்துக்குள் வந்துவிடாது.

லோகோ, கோட்டோவியம் ஆகியவற்றுக்கு வெக்டர் வடிவமே சரி. அவற்றைப் பிக்சலாகத்தான் வைக்க முடியும் என்றால் 300 போதாது. கறுப்பு வெள்ளைக் கோட்டோவியத்துக்கு 1200 வரை கேட்பது வழக்கம், ஏனெனில் கூர்மையான விளிம்பில்தான் படிக்கட்டு போன்ற பிசிறு கண்ணுக்குத் தெரியும்.

5. நிறம்

திரை ஒளியால் நிறம் காட்டுகிறது; அச்சு, காகிதத்தின் மேல் விழும் ஒளியை மையால் குறைத்து நிறம் காட்டுகிறது. ஆகவே ஆர்ஜிபியில் (சிவப்பு, பச்சை, நீல ஒளியால் ஆன திரை நிறமுறையில்) தெரியும் பளீர் நீலமும் மின்னும் பச்சையும் சிஎம்ஒய்கே (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) மையில் கிடைப்பதே இல்லை. இதை மாற்ற வழியில்லை என்பதால், ஏமாற்றத்தைத் தொடக்கத்திலேயே அனுபவித்துவிடுவது நல்லது: புதுக் கோப்பைத் திறக்கும்போதே சிஎம்ஒய்கே முறையைத் தேர்ந்தெடுத்து, அச்சகம் சொன்ன புரொஃபைலை ஏற்றி, அதன் பிறகு நிறங்களைத் தெரிவு செய்யுங்கள். ஆர்ஜிபியில் எல்லாம் முடித்துக் கடைசியில் மாற்றினால், வாடிக்கையாளர் ஒப்புதல் தந்த நிறமே வேறொன்றாகிவிடும். சில டிஜிட்டல் அச்சகங்கள் ஆர்ஜிபி கோப்பையே கேட்கும். அவர்கள் கேட்டால் அப்படியே கொடுங்கள்.

நீலம் தனிக் கவனத்துக்குரியது. சயான் 100, மெஜந்தா 100 என்று வைத்த நீலம் அச்சில் கத்தரிப்பூ நிறமாக வந்து நிற்கும். சயானுக்கும் மெஜந்தாவுக்கும் இடையே குறைந்தது 30 சதவீத இடைவெளி விட்டால், அதாவது சயான் 100 என்றால் மெஜந்தா 70 ஐத் தாண்டாமல் வைத்தால், நீலம் நீலமாகவே இருக்கும்.

அடுத்து மொத்த மையின் அளவு. நான்கு மைகளின் சதவீதத்தையும் கூட்டினால் வரும் எண், பூச்சுள்ள காகிதத்தில் பொதுவாக 300 ஐ ஒட்டி நிற்க வேண்டும். பூச்சில்லாத காகிதத்தில் அதைவிடக் குறைய வேண்டும். மீறினால் மை காயத் தாமதமாகும், ஒரு தாளின் மை அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். பூச்சில்லாத காகிதம் மையை உறிஞ்சி ஒவ்வொரு புள்ளியையும் சற்றுப் பெருக்கிவிடுவதால், அதில் படங்கள் திரையில் கண்டதைவிட இருண்டு தெரியும். புகைப்படத்தின் நடுத்தர நிழல்களைக் கொஞ்சம் வெளிச்சமாக்கி அனுப்புங்கள்.

பான்டோன் போன்ற தனி மை நிறங்களை, அச்சகத்தோடு பேசி அதற்கென்று ஒரு பிளேட் (ஒவ்வொரு மைக்கும் உரிய அச்சுத் தகடு) ஒதுக்கியிருந்தால் மட்டுமே கோப்பில் விடுங்கள். நான்கு நிற அச்சு என்றால் எல்லாவற்றையும் சிஎம்ஒய்கேவாக மாற்றுங்கள். லோகோவுக்குள் மறைந்திருக்கும் ஒரு தனி நிறம் ஐந்தாவது பிளேட்டாக எழுந்து நின்று வேலையை நிறுத்திவிடும்.

6. கறுப்பு இரண்டு வகை

இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள், ஏனெனில் விசிட்டிங் கார்டின் தரம் பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது.

சிறிய எழுத்துக்கும் மெல்லிய கோட்டுக்கும் கறுப்பு மை மட்டும் 100 சதவீதம் இருக்க வேண்டும். மற்ற மூன்றும் பூச்சியம். ஆர்ஜிபியில் தட்டச்சு செய்த கறுப்பு எழுத்தைச் சிஎம்ஒய்கேவாக மாற்றினால் அது சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 போன்ற ஒரு கலவையாகிவிடும். திரையில் எந்த வேறுபாடும் தெரியாது. ஆனால் 7 பாயிண்ட் எழுத்தின் கோட்டுத் தடிமன் ஏறத்தாழ 0.2 மி.மீ. தான், நான்கு பிளேட்டுகளில் ஒன்று 0.1 மி.மீ. நகர்ந்தாலே கோட்டின் பாதித் தடிமனுக்கு ஒரு நிறம் வெளியே எட்டிப் பார்க்கும். அப்படி அச்சான ஓர் அட்டையை லென்ஸ் வைத்துப் பார்த்தேன்: தொலைபேசி எண்ணின் ஒவ்வோர் இலக்கத்துக்கும் இடப்பக்கம் இளஞ்சிவப்பு நிழலும் வலப்பக்கம் நீல நிழலும் இருந்தன; 3 உம் 8 உம் ஒன்றாகத் தெரிந்தன. வெறுங்கண்ணால் பார்த்தவர்கள் “எழுத்து மங்கலாக இருக்கிறது” என்று மட்டும் சொன்னார்கள்.

பெரிய பரப்புக்கு நிலைமை நேர்மாறானது. கார்டின் பின்புறம் முழுதும் கறுப்பு என்றால், கறுப்பு மை மட்டும் 100 வைத்தால் அது வெளிறிய சாம்பல் சாயலோடு நிற்கும். அங்கே சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 போன்ற அடர்கறுப்பு வேண்டும். கூட்டினால் 240, ஆகவே மை வரம்புக்குள்ளும் அடங்குகிறது. அச்சகத்துக்கென்று ஒரு விருப்பக் கலவை இருந்தால் அதையே வையுங்கள்.

நிறங்களின் பட்டியலில் ரெஜிஸ்ட்ரேஷன் என்ற பெயரில் ஒரு கறுப்பு இருக்கும். அது நான்கு மையும் 100 சேர்ந்து 400 ஆவது. பிளேட்டுகளைப் பொருத்தும் குறிகளுக்கு மட்டுமே உரியது. திரையில் அழகான கறுப்பாகத் தெரிகிறது என்று அதைப் பின்னணிக்கு வைத்துவிடாதீர்கள்.

நிறப் பின்னணியின் மேல் வரும் சிறு கறுப்பு எழுத்துக்கு ஓவர்பிரின்ட் (கீழேயுள்ள நிறத்தில் இடம் வெட்டாமல் அதன் மேலேயே அச்சிடும் அமைப்பு) வைத்தால், பிளேட் நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி வெள்ளை ஒளிவட்டம் தோன்றாது. ஆனால் ஓவர்பிரின்ட் வைத்த எழுத்தைப் பிறகு வெள்ளையாக மாற்றினால், அச்சில் அந்த எழுத்து முழுதும் மறைந்துவிடும், ஏனெனில் வெள்ளை என்பது மை இல்லாத இடம். அதை மேலே அச்சிட முடியாது. கோப்பில் எங்கேனும் வெள்ளை ஓவர்பிரின்ட் இருக்கிறதா என்று அனுப்பும் முன் தேடிப் பாருங்கள்.

7. எழுத்தும் ஃபாண்டும்

தமிழில் வாசகம் உள்ள கோப்புகளில் முதலில் பார்க்க வேண்டியது எழுத்துகள் சரியாகக் கோக்கப்பட்டுள்ளனவா என்பதே. வடிவமைப்பு நிரல்கள் சிலவற்றில் இயல்பு அமைப்பு தமிழுக்கு ஏற்றதாக இருப்பதில்லை. ஒற்றைக் கொம்பும் சங்கிலிக் கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அல்லது புள்ளிவட்டம் தோன்றும். இன்டிசைனிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும் பத்தி அமைப்பில் வேர்ல்டு-ரெடி கம்போசரையோ தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரையோ தேர்ந்தெடுத்தால் இது சரியாகும். வாசகத்தைப் பக்கத்தில் ஒட்டிய உடனே இதைச் செய்யுங்கள். பின்னால் செய்தால் வரிகள் உடையும் இடமே மாறிவிடும்.

பாமினி போன்ற பழைய குறியேற்ற ஃபாண்டுகளில் அமைத்த கோப்பை வேறு கணினியில் திறக்கும்போது அந்த ஃபாண்ட் இல்லாவிட்டால், பெயரும் முகவரியும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகிவிடும். எனவே அச்சகத்துக்குப் போகும் பிரதியில் எழுத்துகளை அவுட்லைனாக (ஃபாண்ட் தேவைப்படாத வரைவடிவமாக), கோரல்டிராவில் சொல்வதானால் கர்வ்ஸாக, மாற்றுங்கள். அல்லது பிடிஎஃப்புக்குள் ஃபாண்ட் பொதிந்திருப்பதை உறுதி செய்யுங்கள். மாற்றும் முன் கோப்பை வேறு பெயரில் சேமித்துக்கொள்வது அவசியம், ஏனெனில் அவுட்லைனான எழுத்தில் ஒரு புள்ளியைக்கூடத் தட்டச்சு செய்து திருத்த முடியாது.

அளவைப் பொறுத்தவரை, தமிழை 7 பாயிண்டுக்குக் கீழே நான் கொண்டுபோவதில்லை. அடர்நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்தென்றால் 8 பாயிண்டும் சற்றுத் தடித்த வடிவமும் வைக்கிறேன். காரணம் புள்ளி. மை நான்கு பக்கமிருந்தும் உள்ளே பரவும்போது முதலில் அடைபடுவது மெய்யெழுத்தின் மேலுள்ள அந்தச் சிறு வெள்ளைப் புள்ளிதான். கருநீலப் பின்னணியில் 6 பாயிண்டில் வெள்ளையாக அச்சான ஒரு கார்டில் “அச்சகம்” என்பது “அசசகம” என்றே வாசிக்கக் கிடைத்தது. கோப்பில் பிழை எதுவும் இல்லை, அளவுதான் பிழை.

எழுத்துகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டி அழகுபடுத்தும் வழக்கம் ஆங்கிலத் தலைப்பெழுத்துகளுக்குப் பொருந்தும். தமிழில் அதைச் செய்தால் காலும் கொம்பும் தத்தம் எழுத்தை விட்டுப் பிரிந்துபோகும். இடைவெளியைப் பூச்சியத்திலேயே விடுங்கள். வரிகளுக்கிடையே மட்டும் தாராளமாக இருங்கள்: மேல் வரியின் “ழு”, “ணூ” கீழே இறங்குவதும், கீழ் வரியின் “கீ” மேலே ஏறுவதும் மோதாமலிருக்க எழுத்தளவில் 130 முதல் 140 சதவீதம் வரை வேண்டும்.

கோடுகளின் தடிமன் 0.25 பாயிண்டுக்குக் குறையக்கூடாது. வெள்ளைக் கோடென்றால் 0.5 பாயிண்ட் வேண்டும்.

8. க்யூஆர் குறியீடு

குறியீட்டை வெக்டராகவே வையுங்கள். கறுப்பு மை மட்டும் 100, பின்னணி வெள்ளை. நிறம் மாற்றித் தலைகீழாக, கறுப்பின் மேல் வெள்ளையாக அச்சிட்டால் சில கைபேசிகள் படிக்க மறுக்கும். சுற்றிலும் நான்கு கட்டங்களின் அகலத்துக்கு வெற்றிடம் விட வேண்டும் என்பது அந்தக் குறியீட்டின் விதி. அதற்குள் எழுத்தோ கோடோ நுழையக்கூடாது.

உள்ளே எவ்வளவு தகவலை வைக்கிறீர்கள் என்பதே அளவைத் தீர்மானிக்கிறது. ஒரு குறுகிய இணைய முகவரி 29 × 29 கட்டங்களில் அடங்கிவிடும். வெற்றிடத்தோடு 37 கட்டங்கள், 20 மி.மீ. இடத்தில் ஒரு கட்டத்துக்கு 0.54 மி.மீ. கிடைக்கும். பெயர், எண்கள், முகவரி என்று முழுத் தொடர்பு அட்டையையும் திணித்தால் 57 × 57 கட்டங்கள் வரை போகும். அதே இடத்தில் ஒரு கட்டத்துக்கு 0.31 மி.மீ. தான் மிஞ்சும். குறுகிய முகவரியைத் தேர்ந்தெடுங்கள்.

9. போஸ்ட்கார்டின் முகவரிப் பக்கம்

போஸ்ட்கார்டு அஞ்சலில் போக வேண்டியதென்றால் அஞ்சல் துறையின் அளவு விதிகளுக்குள் அடங்க வேண்டும். நாடுகளுக்கிடையே செல்லும் அட்டைகளுக்கு உலக அஞ்சல் ஒன்றியம் குறைந்தது 90 × 140 மி.மீ., அதிகபட்சம் 120 × 235 மி.மீ. என்று வரையறுத்திருக்கிறது, நீளம் அகலத்தைப்போல் 1.4 மடங்காவது இருக்க வேண்டும். ஏ6 இந்த விகிதத்தை மயிரிழையில் தாண்டி நிற்கிறது. சதுரப் போஸ்ட்கார்டு பார்க்க அழகாயிருந்தாலும் இங்கே அடிபட்டுப் போகும்.

முகவரிப் பக்கத்தின் வலப்பாதியை முகவரிக்கும் தபால்தலைக்கும் ஒதுக்கிவிட்டு, வாசகம் முழுவதையும் இடப்பாதிக்குள் முடியுங்கள். அந்தப் பக்கத்துக்கு லேமினேஷனோ வார்னிஷோ வேண்டாம் என்று அச்சகத்திடம் எழுத்தில் சொல்லுங்கள். பளபளப்பான பரப்பில் பேனா மை ஒட்டாமல் கையோடு இழுபடும். அஞ்சல் முத்திரையும் அப்படியே. முன்பக்கம் ஒரு மாதிரி, பின்பக்கம் ஒரு மாதிரி முடித்துத் தர அச்சகங்களால் முடியும், ஆனால் நீங்கள் சொன்னால்தான் அதைச் செய்வார்கள்.

10. இரண்டு பக்கங்களின் திசை

முன்புறமும் பின்புறமும் ஒரே கோப்பில் முதல் பக்கம், இரண்டாம் பக்கம் என்ற வரிசையில், ஒரே அளவில் இருக்க வேண்டும். முன்புறம் கிடைமட்டமாகவும் பின்புறம் நெடுக்காகவும் இருந்தால், அட்டையைப் புரட்டும்போது தலை எந்தப் பக்கம் வரவேண்டும் என்பது அச்சகத்துக்குத் தெரியாது. ஒரு தாளை அட்டை அளவில் வெட்டி, இரு பக்கமும் கையால் எழுதி, புரட்டிப் பாருங்கள். பிறகு அந்த மாதிரியைப் படமெடுத்துக் கோப்போடு அனுப்பிவிடுங்கள். பத்து வரி விளக்கத்தைவிட அது தெளிவானது.

11. ஃபாயில், ஸ்பாட் யுவி, எம்பாஸிங்

ஃபாயில் (உலோகப் பளபளப்புள்ள மெல்லிய தாளை ஒட்டுவது), ஸ்பாட் யுவி (குறிப்பிட்ட இடத்தில் மட்டும் பளபளப்புப் பூச்சு), எம்பாஸிங் (புடைப்பு) ஆகியவை மையல்லாத வேலைகள் என்பதால், ஒவ்வொன்றுக்கும் தனி லேயரில், தனிப் பெயரிட்ட ஒரு தனி நிறத்தில், 100 சதவீத நிரப்பலோடு, வெக்டர் வடிவம் வேண்டும். ஓவர்பிரின்ட் வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கீழேயுள்ள அச்சில் அந்த வடிவத்துக்கு வெள்ளை ஓட்டை விழும். நிழல், படிப்படியான மங்கல் ஆகியவை இங்கே கூடாது. ஃபாயில் ஓரிடத்தில் ஒட்டும் அல்லது ஒட்டாது, பாதி ஒட்டும் நிலை என்று ஒன்று இல்லை. மூலை வளைவு கேட்டிருந்தால், அந்த வளைவை வழிகாட்டியாக வரைந்து, மூலையில் எதுவும் வெட்டுப்படவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

12. பிடிஎஃப் எடுத்தல்

அச்சகம் வேறு எதையும் சொல்லாதபோது பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ அல்லது பிடிஎஃப்/எக்ஸ்-4 வடிவைத் தேர்ந்தெடுங்கள். முன்னது எல்லா நிறத்தையும் சிஎம்ஒய்கேவாகவோ தனி மையாகவோ மாற்றி, ஒளிபுகும் விளைவுகளைத் தட்டையாக்கித் தருவது. பின்னது அவற்றை உயிரோடு வைத்திருப்பது. இரண்டிலும் ஃபாண்ட் உள்ளேயே பொதிந்துவிடும். ஜேபெக்காக அனுப்பாதீர்கள்: எழுத்தும் பிக்சலாகி அதன் விளிம்பு மழுங்கிவிடும்.

ஏற்றுமதிப் பெட்டியில் ஆவணத்தின் பிளீட்டைச் சேர்க்கும் தெரிவு தனியாக இருக்கும். கோப்பில் பிளீட் வைத்தவர்கள் பலர் இங்கே அதைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். வெட்டுக்குறிகள் கேட்டிருந்தால் அவற்றின் தூரத்தையும் மாற்றுங்கள்: இல்லஸ்ட்ரேட்டரிலும் இன்டிசைனிலும் இயல்பான தூரம் 6 பாயிண்ட், அதாவது 2.1 மி.மீ.; பிளீட் 3 மி.மீ. என்பதால் குறிகள் பிளீட்டுக்குள்ளேயே விழும். 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்று மாற்றினால் வெளியே நிற்கும். அச்சகம் குறிகள் வேண்டாம் என்றால் போடாதீர்கள். அவர்களது நிரல் தானே போட்டுக்கொள்ளும்.

13. அனுப்பும் முன் சரிபார்த்தல்

எடுத்த பிடிஎஃப்பைத்தான் சரிபார்க்க வேண்டும், வடிவமைப்பு நிரலில் திறந்திருக்கும் கோப்பை அல்ல. முதலில் பக்க அளவைப் பாருங்கள். பிறகு அக்ரோபாட் புரோவிலுள்ள அச்சு முன்னோட்டத்தில் ஒவ்வொரு மையாக அணைத்துப் பாருங்கள்: கறுப்பை மட்டும் அணைத்தால் தொலைபேசி எண் முழுதும் மறைய வேண்டும். மறையாமல் ஒரு நிழல் நின்றால் அது நான்கு நிறக் கறுப்பு. 6 ஆம் படிக்குத் திரும்புங்கள்.

அடுத்து, சாதாரண அச்சுப்பொறியில் 100 சதவீத அளவில் அச்சிடுங்கள். பக்கத்துக்குப் பொருத்தும் தெரிவு இயங்கினால் அளவு மாறிவிடும், அதை அணைத்துவிடுங்கள். வெட்டுக்கோட்டில் வெட்டி, கையில் பிடித்து, ஒரு கை நீளத்தில் வைத்து வாசியுங்கள். திரையில் 400 சதவீதப் பெருக்கத்தில் நாள்கணக்காகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, எழுத்து எவ்வளவு சிறியது என்பது இந்தத் துண்டுத் தாளில்தான் முதன்முதலில் தெரியவரும்.

அந்தத் தாளிலிருந்து எண்ணைப் பார்த்து உண்மையிலேயே அழையுங்கள். மின்னஞ்சல் முகவரிக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். க்யூஆர் குறியீட்டை இரண்டு வேறு கைபேசிகளில் படித்துப் பாருங்கள். வாசகத்தை, அதை இதுவரை பார்க்காத ஒருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ஒற்றுப்பிழைகள் அப்போது அகப்படும்.

14. ப்ரூஃபும் பாதுகாப்பும்

அச்சகம் அனுப்பும் பிடிஎஃப் ப்ரூஃபில் (அச்சுக்கு முன் ஒப்புதலுக்கு வரும் மாதிரியில்) வரிசை, வெட்டு, எழுத்து ஆகியவற்றைச் சரிபார்க்கலாம். நிறத்தை அதில் தீர்மானிக்க முடியாது, ஏனெனில் நீங்கள் பார்ப்பது மறுபடியும் ஒரு திரையைத்தான். நிறம் முக்கியமான வேலையென்றால் அதே காகிதத்தில் ஒரு மாதிரி அட்டை கேளுங்கள். பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். திருத்தம் செய்தால் கோப்பின் பெயரில் எண்ணை உயர்த்தி, பழையதை நீக்கிவிடும்படி எழுதுங்கள். “இறுதி”, “இறுதி புதியது” என்ற பெயர்களில் இரண்டு கோப்புகள் அச்சகத்தில் கிடந்தால் அவற்றில் எது பிளேட்டுக்குப் போகும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

வேலை முடிந்ததும் திருத்தக்கூடிய மூலக் கோப்பு, அதில் பயன்படுத்திய ஃபாண்டுகளும் படங்களும், அனுப்பிய பிடிஎஃப் ஆகியவற்றை ஒரே கோப்புறையில் சேருங்கள். அச்சாகி வந்த கட்டிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்து, பின்புறம் தேதியும் காகிதத்தின் பெயரும் எழுதி, உறையிலிட்டு வெளிச்சம் படாமல் வையுங்கள். மறுஅச்சுக்குப் போகும்போது “போன தடவை வந்த அதே நீலம்” என்று கேட்க அந்த அட்டைதான் உங்கள் கையில் இருக்கும்.